பக்கம் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபா

வெள்ளவத்தையில், மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
ஒரு மேசை, இரண்டு கதிரை, சத்தியப்பிரமாண முத்திரை.
கடற்கரைப் பக்கம் ரயில் போகையில் முத்திரை குத்துவதில்லை.
வட்டம் சரிந்துவிடும்.

தவரூபன் முதலில் வந்தது மாசியில்.
கட்டட அளவையாளர். ஒன்பது வருஷமாய்
கொள்ளுப்பிட்டியில் எழும்பும் மாடிகளுக்கு
சீமெந்தும் கம்பியும் கணக்குப் பார்த்தவர்
தன்னையும் கூட்டிப் பார்த்து வந்திருந்தார்.
"அறுபத்தைஞ்சு அக்கா. அவ்வளவுதான் கேக்கினம்.
இனி ரிக்கற் போடுறது மட்டும்தான்."

நான் சட்டத்தரணி இல்லை.
பிறத்தியாரின் கடதாசிகளை வாசித்துப் பிழைக்கிறவள்.
அறுபத்தைந்து வாசற்படி என்றேன்.
படியில் நிற்கலாம்; கதவு உள்ளிருந்துதான் திறக்கும்,
அதுவும் உங்களுக்கு முன்னால் தொண்ணூறோடு
நிற்கிறவருக்கு.

சிரித்தார்.
மெல்பேர்னில் ஒரு மச்சான் இருக்கிறாராம்.
மச்சானுக்கு எல்லாம் தெரியுமாம்.
மச்சான் போன வருஷத்தில்
விதிகளும் வேறு, மச்சானும் வேறு.

வைகாசியில் ரோல்ஸ் பார்சலோடு வந்தார்.
"விசா வந்திட்டுது!"
தாளை வாங்கிப் பார்த்தேன்.
இவர் அளவையாளர்தான் என்று
அங்குள்ள அளவையாளர்கள் ஒப்புக்கொண்ட கடிதம்.
அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.
"நான் அளவையாளர் எண்டு எனக்கு முதலே தெரியும்தானே,
இதுக்கோ இவ்வளவு காசு?"
ரோல்ஸ் சூடாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அன்று தெமட்டகொடை ஃபஸ்மினாவும் காத்திருந்தாள்.
நாள் முழுக்க நிரல் எழுதுகிறவள்
முதலாளியைக் கெஞ்சி
'முகாமையாளர்' என்று கடிதம் வாங்கியிருந்தாள்.
பெரிய பதவி, பெரிய புள்ளி என்று யாரோ சொன்னார்களாம்.
பதவியை அல்ல, கை செய்த வேலையைத்தான்
அவர்கள் பார்ப்பார்கள் என்றதும்
தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தவரூபனிடம் சொன்னேன்:
"அவசரப்படாதேங்கோ, இன்னும் காலம் இருக்கு."

ஆடி பத்தொன்பதாம் தேதி அவருக்கு முப்பத்துமூன்று.
சுகிர்தா கேக் வாங்கி மெழுகுதிரி வைத்தாளாம்.
ஊதி முடிக்க ஐந்து புள்ளி அணைந்திருந்தது.
அவர் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தது நான்.
தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன்.
கணக்குப் பார்க்கவில்லை.

அவர் என்னைப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு புரட்டாதியில், பொலிஸ் சான்றுக்கான படிவம்.
நிரந்தர முகவரி: வறுத்தலைவிளான்.
ஐந்து வயதில் விட்டு வந்த வீடு,
இப்போது அத்திவாரம் கூட இல்லாத காணி.
தற்காலிக முகவரி: வெள்ளவத்தை.
இருபத்தெட்டு வருஷம்.
எனக்குக் கை நின்றது. திருத்துவது என் வேலை இல்லை.
இருந்ததை இருந்தபடி ஆங்கிலமாக்கினேன்.

"பி.ஆர். கிடைச்சா பாஸ்போட்டும் தருவினம்தானே?"
சுகிர்தா கேட்டாள்.
இல்லை, அது வேறு வரிசை.
வாக்கும் இல்லை.
ஐந்து வருஷம் தாண்டி வெளியே போனால்
திரும்பி வர இன்னொரு தாள் வேண்டும்.
"பிறகென்ன நிரந்தரம்?" என்றாள்.
அகராதியில் இருக்கிற சொல் அது, என்றேன்.
அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.
எனக்கும்தான்.

விழுந்த ஐந்தை ஆங்கிலத்தால் மீட்கலாம் என்று
இப்போது பம்பலப்பிட்டியில் மாலை வகுப்பு.
நேற்றுப் பேச்சுப் பயிற்சியாம்:
நீங்கள் நெடுங்காலம் வாழ்ந்த இடத்தைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசுக.

"எதைச் சொன்னீங்கள்?"
"தற்காலிகத்தைத்தான் அக்கா. அதுதான் வாயில வருது.
தண்ணி ராங்கி, படி, மழைக்கு ஊறுற சுவர்…
நேரம் முடிஞ்சும் நான் நிப்பாட்டேல்லை.
சேர் மேசையில தட்டினவர்."

ஐம்பது ரூபா குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.
ரயில் வந்துகொண்டிருந்தது.
பார்க்காமல் குத்திவிட்டேன்.